ஆற்றில் இட்ட பொன்: நெய்வேலி நிலமும் முதுகுன்றத்துச் சீமையும்

திருமுதுகுன்றம் எனப்படும் விருத்தாசலத்திற்குரிய கதைகளுள் தமிழுலகம் நன்கறிந்தது சுந்தரர் பொன் பெற்ற கதை. பழமலைநாதர் அருளிய பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டார். பின்னர்த் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கித் தேடி எடுத்தார். ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று ஏளனமாக வழங்கும் பழமொழிக்கு வேர் இந்நிகழ்ச்சியே என்பர்.

இக்கதையில் பலர் கவனியாத நுட்பம் ஒன்றுண்டு. பொன்னை ஆற்றில் இடுமுன் சுந்தரர் அதிலிருந்து ஒரு துண்டை மச்சமாக வெட்டித் தம்மோடு எடுத்துச் சென்றார். தருகின்றவர் இறைவனே ஆயினும், இட்ட பொன்னும் எடுத்த பொன்னும் ஒரே மாற்றுடையனவா என்று உரைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் கருதினார். கமலாலயத்தில் கிடைத்த பொன்னை உரைத்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடி முறையிட்ட பின்னரே அது நிறைவுற்றது. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இதற்குச் சான்றாக வீற்றிருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விருத்தாசலம் வட்டாரத்து மக்களும் தம் கையிலிருந்த ஒரு செல்வத்தை நாட்டின் பொருட்டு ஆற்றில் இட்டனர். அச்செல்வம் நிலம். அதனை இழப்பீடாகவும் வேலையாகவும் மனையாகவும் வேறிடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்ற வாக்கை நம்பினர். அந்த வாக்கை மூன்று தலைமுறைகளாக உரைத்துப் பார்த்த வரலாறே நெய்வேலி நில எதிர்ப்பின் வரலாறு.

கருநீர் கண்ட கிணறு

அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் விருத்தாசலம் வட்டத்திற்கும் கடலூர் வட்டத்திற்கும் இடைப்பட்ட செம்மண் மேடு முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போனது. கம்பும் கேழ்வரகும் மணிலாவும் விளைந்த மானாவாரிக் கொல்லைகள் அங்கு மிகுதி. 1930-களில் தி.மா. ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்கிணறு இறக்கியபோது நீருடன் கருநிறப் பொருளொன்று மேலே வந்தது. அதனை அரசினர் கவனத்திற்கு அவர் கொண்டு சென்றார். நாற்பதுகளில் புவியியலாளர் ஆய்வு நிகழ்ந்தது. 1953-இல் சோதனைச் சுரங்கம் தோண்டப்பட்டது.

1954-இல் முதலமைச்சரான காமராசர் இத்திட்டத்தைத் தம் கனவாகவே கொண்டார். நிலக்கரி வளம் வடக்கே வங்கத்திலும் பீகாரிலும் கிடந்த காலம் அது. தெற்கே தொழில் வளர வேண்டுமாயின் எரிபொருள் தெற்கிலேயே கிடைக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவாயிற்று. 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் முதற் கரி வெளிப்பட்டது. 1962-இல் சோவியத் நாட்டின் துணையுடன் அமைந்த அனல்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. சக்கர வடிவில் வாளிகள் சுழலும் பெரும் அகழ்பொறிகள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன.

விடுதலை பெற்றுப் பத்தாண்டு நிறையாத நாடு அது. அரசின் சொல்லைக் கோயிற் சொல்லாக மக்கள் ஏற்ற காலம். அதனால் தொடக்கத்தில் எதிர்ப்பு பேரளவில் எழவில்லை. வண்டியில் பாத்திரங்களையும் தானியக் குதிர்களையும் ஏற்றிக்கொண்டு ஊர்கள் நகர்ந்தன.

பெயரிழந்த ஊர்கள்

வெள்ளையங்குப்பம், பெருமாத்தூர், விளாங்குளம், வேப்பங்குறிச்சி, தாண்டவன்குப்பம், வெண்ணெய்க்குழி, பாப்பனம்பட்டு, ஆதண்டார்கொல்லை, மூலக்குப்பம், காரக்குப்பம், கூரைப்பேட்டை: இவை அவ்வாறு பெயர்ந்த ஊர்களுள் சில. ஒவ்வொரு பெயரிலும் ஒரு மரமோ ஒரு மனிதரோ ஒரு தொழிலோ குடியிருந்தமை காண்க. இவ்வூர்களிருந்த பரப்பில் சுரங்கமும் திட்டமிட்ட நகரியமும் எழுந்தன. நகரியத்தின் பகுதிகளுக்கு எண்களே பெயராயின. ஒன்றாம் வட்டம், பதினாறாம் வட்டம் என்று முகவரி எழுதும் புதிய தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தது. வில்லுடையான்பட்டு முருகன் கோயில் போன்ற சிலவே பழைய பெயரைத் தாங்கி நகரியத்தினுள் நிலைபெற்றன.

நிலம் எடுக்கப்பட்ட முறையை அறிந்தாலன்றிப் பிற்கால எதிர்ப்பின் காரணம் விளங்காது. கையாளப்பட்டது 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். பொதுக் காரியம் என்று அரசு அறிவித்துவிட்டால் மறுக்க வழியில்லை. விலையைப் பற்றி மட்டுமே வழக்காடலாம். அவ்விலையும் அறிவிப்பு வெளியான நாளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களைக் கொண்டு கணிக்கப்படும். முத்திரைச் செலவைக் குறைக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் நாடெங்கும் இருந்தமையால், அக்குறைந்த விலையே இழப்பீட்டுக்கு அளவுகோலாயிற்று. மானாவாரி நிலத்திற்கு மதிப்பு இன்னும் குறைவு. நிலத்தடியில் கிடந்த கரிக்கு உழவனிடம் விலை பேசப்படவில்லை.

அச்சட்டம் பட்டாதாரரை மட்டுமே கண்டது. குத்தகைக்கு உழுதவர், அறுவடைக் கூலியால் வாழ்ந்தவர், முந்திரிக் கொட்டை பொறுக்கியும் உடைத்தும் அடுப்பெரித்த பெண்கள், மேய்ச்சல் புறம்போக்கை நம்பி ஆடு வளர்த்தவர் ஆகிய எவருக்கும் அதன் ஏட்டில் இடமில்லை. பட்டா இல்லாத அவர்களுக்கு ஊர் பெயர்ந்தபோது கையில் எடுத்துச் செல்ல மச்சப் பொன்கூட மிஞ்சவில்லை.

நகர்ந்துகொண்டேயிருக்கும் குழி

அணை ஒருமுறை நிலத்தை மூழ்கடிக்கும். ஆலை ஒருமுறை மனையை வளைக்கும். திறந்தவெளிச் சுரங்கத்தின் இயல்பு வேறு. மேல்மண்ணை அகற்றிக் கரியை எடுத்து, எடுத்த மண்ணைப் பின்னே கொட்டி, அது முன்னே நகர்ந்துகொண்டேயிருக்கும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் அதன் விளிம்பில் ஓர் ஊர் காத்திருக்கும். 1978-இல் இரண்டாம் சுரங்கத்திற்கு ஒப்புதல் கிடைத்தது. பின்னர் முதற் சுரங்கம் விரிந்தது. 1-ஏ சுரங்கம் தோன்றியது. கம்மாபுரம் பகுதியின் ஊர்களும், கங்கைகொண்டான், மந்தாரக்குப்பம் சுற்றுப்புறமும், தெற்கே சேத்தியாத்தோப்பை நோக்கிய நஞ்சை நிலங்களும் படிப்படியாக அவ்விளிம்புக்கு வந்து சேர்ந்தன. புன்செய் மேட்டில் தொடங்கிய பள்ளம் வீராணம் ஏரியை அடுத்த நெல்வயல்களை நெருங்கிற்று.

நீரின் கணக்கும் இதனோடு சேர்ந்தது. நெய்வேலிக் கரிப்படுகையின் கீழ் ஊற்றழுத்தமுள்ள நீர்ப்படுகை கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அளவு மேல்நோக்கி அழுத்தும் அந்நீரை இறைத்துக்கொண்டேயிராவிடில் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். ஆகவே இரவும் பகலும் இறைக்கின்றனர். ஒரு காலத்தில் குழாயிறக்கிய இடத்தில் தானே பொங்கிய நீரை இன்று ஆழத்திலிருந்து மின்மோட்டார் இழுக்க வேண்டியிருக்கிறது என்பது சுற்றுப்புற உழவர் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் முறையீடு. சுரங்க நீர் பரவனாற்றின் வழியே பாசனத்திற்கும் பயன்படுகிறது என்பது நிறுவனம் கூறும் விடை. நெய்வேலிப் படுகையின் நீர் சென்னை மாநகரின் குடிநீருக்கும் சென்றுள்ளது. ஒளியும் நீரும் இங்கிருந்து தலைநகருக்குப் பயணமாயின என்பதை இருதரப்பும் மறுப்பதில்லை.

நகரத்துக்கு வந்த வெண்களி

இவ்வரலாற்றில் விருத்தாசலம் நகரம் வெறும் பார்வையாளராக இருந்ததில்லை. சுரங்கத்தில் கரியை மூடிக் கிடந்த அடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. பீங்கானுக்கு ஏற்ற அம்மண்ணே விருத்தாசலத்தைச் செராமிக் நகரமாக்கிற்று. அரசின் செராமிக் தொழிற்பேட்டையும், மாநிலத்தில் அத்துறைக்கென அமைந்த தொழில்நுட்பக் கல்வி நிலையமும் இங்கு வேரூன்றின. ஊறுகாய் ஜாடி, தேநீர்க் கோப்பை, அகல்விளக்கு, கொலுப் பொம்மை, மின்கம்பத்துப் பீங்கான், பியூஸ் கட்டை எனப் பலவும் இங்கிருந்து ஊரெங்கும் சென்றன.

ஒரு வீட்டின் பியூஸ் கட்டையை எண்ணிப் பார்த்தால் போதும். அதனூடே ஓடும் மின்சாரம் பெயர்ந்துபோன ஊர்களின் அடியிலிருந்து வந்தது. அதன் பீங்கானும் அவ்வூர்களின் மண்ணே. எனவே விருத்தாசலத்தில் நெய்வேலியைப் பற்றிப் பேசுவோர் முழுப் பகைமையோடு பேச இயலாது. முழு நன்றியோடும் பேச இயலாது. ஒரே குடும்பத்தில் அண்ணன் சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளி. தம்பி ஒப்பந்தக் கூலி. மாமன் நிலத்தை விட மறுத்து மறியலில் அமர்ந்தவர். இங்குள்ள எதிர்ப்பின் சிக்கலும் ஆழமும் இதுவே.

மக்கள் இந்நிறுவனத்தை அயலாகக் கருதவில்லை என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. அதன் பங்குகளை விற்க மைய அரசு முனைந்தபோது தமிழகமே எதிர்த்தது. 2006-இல் எதிர்ப்பின் விளைவாக விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. 2013-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடைபெற்ற நிலையில், விற்கப்பட்ட பங்குகளைத் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. நிலத்தை எடுக்காதே என்று முழங்கிய ஊர்களே நிறுவனத்தை விற்காதே என்றும் முழங்கின. இவ்விரண்டையும் முரண் எனக் கொள்வது பிழை. தாம் இட்ட பொன் எங்கே கிடக்கிறதோ அக்குளத்தைக் காப்பதும் இட்டவரின் உரிமையன்றோ?

சட்டங்களின் நூற்றாண்டு

நாடெங்கும் நடந்த போராட்டங்களின் பயனாக 1894-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2013-இல் புதிய நில எடுப்புச் சட்டம் பிறந்தது. நியாயமான இழப்பீடு, மறுவாழ்வு, சமூகத் தாக்க ஆய்வு ஆகியவற்றை அது கட்டாயமாக்கிற்று. நிலமற்றோரும் வாழ்வாதாரம் இழந்தோர் என்ற பெயரில் முதன்முறையாக ஏட்டில் ஏறினர். ஆயினும் தமிழகத்தில் தொழில்களுக்கான நிலம் 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி எடுக்கப்பட்டு வந்தது. அச்சட்டம் தொடரும்படி 105-அ என்னும் பிரிவைத் தமிழகம் சேர்த்துக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அச்சட்டத்திற்கு மீண்டும் உயிரூட்டியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. உழவனுக்கு எட்டாத மாடங்களில் நடந்த இவ்வழக்காடலின் பொருள், கம்மாபுரத்து மண்ணில் எளிதாக விளங்கிற்று: ஊராரைக் கேட்டு ஆராய்ந்த பின்னரே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு எட்டுமுன் நழுவியது.

2022-இல் ஏக்கருக்கு 23 இலட்சம் ரூபாய் என்ற புதிய இழப்பீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. முன்னைய தொகைகளோடு ஒப்பிட இது பெரிது. எனினும் எதிர்ப்பு தணியவில்லை. நிலம் கொடுத்த வீட்டுக்கு நிரந்தர வேலை உண்டா என்பதே ஊர்களின் முதற் கேள்வி. ஒப்பந்தக் கூலி வேலையை அவர்கள் அதற்கு ஈடாக ஏற்கவில்லை. முன்னே பெயர்ந்தவர்கள் மாற்றுக் குடியிருப்பு மனைகளுக்குப் பட்டா கேட்டு நெடுங்காலம் அலைந்ததை அவர்கள் கண்டிருந்தனர். அதே ஆண்டில் நிறுவனத்தின் பொறியாளர் தேர்வில் தமிழ்நாட்டவர் பெயர்கள் அரிதாயிருந்ததும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று.

2023: பால் பிடித்த பயிர்

2023 ஜூலை 26-இல் வளையமாதேவியில் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் திருப்புமுனை. இரண்டாம் சுரங்கம் முன்னேறுவதற்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. 12 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வாய்க்காலில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் மட்டுமே எஞ்சியிருந்தது என்றும், மழைக்காலத்துக்கு முன் முடிக்காவிடில் சுரங்கத்திற்குக் கேடு என்றும் நிறுவனம் கூறிற்று. அந்நிலம் பத்தாண்டுகளுக்கு முன்பே சட்டப்படி எடுக்கப்பட்டது என்றும் விளக்கிற்று. ஆனால் எடுத்த நிலம் அதுவரை உழவர் கையிலேயே இருந்தது; அவர்கள் நெல் விதைத்திருந்தனர். காவல்துறையின் பெரும் பாதுகாப்புடன் மண்வாரிப் பொறிகள் அப்பயிரின்மீது இறங்கின.

இரு நாட்கள் கழித்து, ஜூலை 28-இல், பாட்டாளி மக்கள் கட்சித் தலைவர் அன்புமணி இராமதாசு தலைமையில் நெய்வேலியில் முற்றுகைப் போராட்டம் நடைபெற்றது. அவர் கைதானதைத் தொடர்ந்து கல்வீச்சும் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நிகழ்ந்தன; காவலர் வானை நோக்கிச் சுட்டனர். அன்றே உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம். தண்டபாணி, இத்தனை ஆண்டுகள் காத்திருந்த நிறுவனத்தால் அறுவடைவரை காத்திருக்க இயலாதா என்னும் பொருள்பட வினவினார். பயிர் வாடக் கண்டு தாமும் வாடிய வள்ளலாரையும் நினைவுகூர்ந்தார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கவும், எஞ்சிய பயிரை அறுத்துக்கொண்டு செப்டம்பர் 15-க்குள் நிலத்தை ஒப்படைக்கவும் பின்னர் ஆணை பிறந்தது.

நிலத்தின் உரிமை யாருக்கு என்பது ஏட்டின் வழக்கு. விளைந்த பயிரை அழிக்கலாமா என்பது அறத்தின் வழக்கு. ஏட்டு வழக்கில் நிறுவனம் வென்றது. அற வழக்கில் நாடே உழவன் பக்கம் நின்றது. தமிழ் மரபில் பயிர் என்பது உடைமை மட்டுமன்று. அது வளரும் உயிர் என்ற உணர்வே அதற்குக் காரணம்.

அதே ஆண்டு ஏப்ரலில் மற்றொரு நிகழ்ச்சி. சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒன்றும், வடசேரி, மைக்கேல்பட்டி ஆகியவற்றில் இரண்டுமாக மூன்று இடங்களை மைய அரசு நிலக்கரி ஏலத்தில் சேர்த்தது. தமிழகம் ஒரே குரலில் எதிர்க்க, அவை நீக்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அவ்வெதிர்ப்புக்குத் துணைநின்றது. ஆனால் கடலூர் மாவட்டத்தில் அம்மண்டலம் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களோடு நின்றுவிட்டது. கம்மாபுரம் அதில் இல்லை. காவிரி பாயும் வயலுக்கு வேலி கிடைத்தது. முந்திரிக் கொல்லைக்குக் கிடைக்கவில்லை. புன்செய்யை வறண்ட மண் என்று தாழ்த்திய பழைய மதிப்பீடு இங்கும் தொடர்ந்தது.

கொடுத்த நிலம்

நெய்வேலியை ஒட்டிய வடலூரில் 2024-இல் எழுந்த எதிர்ப்பு இதனை மற்றொரு புறமிருந்து காட்டுகிறது. 1867-இல் வள்ளலார் தருமச்சாலை அமைக்கவும் பின்னர்ச் சத்திய ஞானசபை எழுப்பவும் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தைக் கொடையாகத் தந்தனர். பெருவெளி என்று போற்றப்படும் அத்திடலில் 99.90 கோடி ரூபாய்ச் செலவில் வள்ளலார் பன்னாட்டு மையம் அமைக்க 2024 பிப்ரவரி 17-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நோக்கம் வள்ளலாரைப் போற்றுவதே. ஆயினும் கொடுத்தோரின் வழியினர் திரண்டு வந்து, தோண்டிய பள்ளத்தில் இறங்கி நின்று தடுத்தனர். தைப்பூசத்தன்று சோதி காணத் திரளும் மக்களுக்கு வெட்டவெளியே கோயில். மையம் வேறிடத்தில் அமையட்டும் என்றனர். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது.

இங்கே எவரும் இழப்பீடு கேட்கவில்லை. வேலை கேட்கவில்லை. எதன் பொருட்டுக் கொடுத்தோமோ அதன் பொருட்டே நிலம் இருக்கட்டும் என்றே கேட்டனர். நெய்வேலியில் எடுக்கப்பட்ட நிலத்துக்கும் வடலூரில் கொடுக்கப்பட்ட நிலத்துக்கும் நடுவே சில கல் தொலைவுதான். இரண்டிலும் எழுந்த வினா ஒன்றே: மண்ணை வாங்கும்போது சொன்ன சொல், வாங்கிய பின்னும் சொல்லாக நிற்கிறதா?

சொல்லும் மண்ணும்

பழுப்பு நிலக்கரி எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் இக்கதை உண்டு. கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்சுப் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் சுரங்கத்துக்கு இரையாயின. அவற்றுள் பல, சோர்பியர் என்னும் சிறுபான்மை மொழியினரின் ஊர்கள். ஊர் கலைந்தபோது பேசுவோர் சிதறினர். பேசுவோர் சிதறியபோது மொழி மெலிந்தது. 2023 சனவரியில் மேற்கு ஜெர்மனியின் லுட்சராத் என்னும் சிற்றூரைக் காக்க ஆயிரக்கணக்கானோர் சேற்றில் நின்று போராடியும் அது இடிக்கப்பட்டது. நெய்வேலிக்குச் சக்கர அகழ்பொறியைத் தந்த நாட்டிலேயே அப்பொறிக்கு எதிரே மக்கள் நின்றனர்.

சோர்பியர் கதை நடுநாட்டுக்கு அயலானதன்று. தமிழுக்கு அழிவில்லை, ஆனால் கொல்லைக்கும் முந்திரிக்கும் மழைக்கும் மாட்டுக்கும் நடுநாட்டார் வைத்திருந்த தனிச்சொற்கள், அக்கொல்லை இல்லாத இடத்தில் எத்தனை நாள் வாழும்? 1988-இல் வெளிவந்த த. பழமலய்யின் ‘சனங்களின் கதை’ இம்மண்ணின் பேச்சைக் கவிதைக்குள் கொண்டுவந்தது. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் ‘வந்தாரங்குடி’ நாவலில் நெய்வேலியால் பெயர்ந்தோர் வாழ்வை எழுதினார்; ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யையும் தொகுத்தார். ஊர் பெயர்வதை எழுதியவரே சொல்லையும் தொகுத்தது தற்செயல் அன்று. இழப்பீட்டுப் பட்டியலில் மரத்துக்கு விலையுண்டு, கிணற்றுக்கு விலையுண்டு. ஊர்ப்பெயருக்கும் வழக்குச்சொல்லுக்கும் பத்தி இல்லை. அப்பத்தியை எழுத வல்லவர் படைப்பாளிகளே.

1962-இல் ஒளி தந்த முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. கரியும் ஒருநாள் தீரும். உலகம் வேறு ஆற்றலுக்கு மாறிவருகிறது. அன்று எஞ்சப்போவது பெரும்பள்ளமும், அதனைச் சூழ்ந்த மக்களும், அவர்களுக்குச் சொல்லப்பட்ட சொற்களுமே. பட்டாக்கள் முறையாக வழங்கப்பட்டனவா, நீர்மட்டம் மீண்டதா, தோண்டிய நிலம் உழவுக்குத் திரும்பியதா என்று அன்றும் உரைத்துப் பார்ப்பார்கள்.

சுந்தரர் ஐயுற்றது இறைவன்மேல் பகைமையால் அன்று. மாற்றுக் குறைந்தபோது அவர் வாளாவிருக்கவுமில்லை. கரையில் நின்று மீண்டும் பாடினார். வெள்ளையங்குப்பம், வெண்ணெய்க்குழி, ஆதண்டார்கொல்லை முதலிய பெயர்கள் கவிதையிலும் கதையிலும் நிலைக்கும் வரையில், முதுகுன்றத்துச் சீமையின் கையில் மச்சப் பொன் உண்டு. உரைகல்லும் உண்டு.